பக்கவாட்டுப் படம்

ஊரில் உள்ளவர்களையெல்லாம் படம் பிடித்தவருக்குத் தன்னுடைய பக்கவாட்டுப் படம் என்று ஒன்று கிடையாது. நேராகப் பார்த்து எடுத்தவை இருக்கின்றன. அடையாள அட்டைக்கு எடுத்தது, கல்யாணத்தில் எடுத்தது, ஸ்டூடியோ திறந்த அன்றைக்கு வாசலில் நின்று எடுத்தது, எல்லாவற்றிலும் முகம் காமிராவுக்கு நேர் எதிராக இருக்கும். விசேஷ வீடுகளில் யாராவது கைப்பேசியைத் தூக்கினால் போதும், மனிதர் ஒரு சுவரைத் தேடிப் போய் முதுகைச் சாய்த்துக்கொள்வார். கால் வலி என்று சொல்வார். அவருக்குக் கால் வலியும் கிடையாது, கை வலியும் கிடையாது. பின்னந்தலை தட்டை, அவ்வளவுதான்.

தட்டை என்றால் லேசாக அல்ல. கழுத்திலிருந்து உச்சி வரைக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போடலாம். பள்ளிக்கூடத்தில் அவருக்குப் 'பலகை' என்று பெயர். பட்டப்பெயர் வைப்பதில் பிள்ளைகளுக்கு இருக்கிற கெட்டிக்காரத்தனம் பாடத்தில் இருந்திருந்தால் நாடு எங்கேயோ போயிருக்கும். பின்வரிசைக்காரன் ஒருவன் நோட்டை அவர் தலையில் அண்டக்கொடுத்து எழுதுவதுபோல் பாவனை செய்வான். வகுப்பே சிரிக்கும். சில சமயம் ஆசிரியரும் சிரித்துவிட்டுப் பிறகு அதட்டுவார். அதற்கப்புறம் அவர் கடைசி வரிசையில் இடம் பிடிக்கப் பழகினார். முடி வளர்க்கப் பழகினார். படம் எடுக்கிறவனைப் படம் எடுப்பவர் யாரும் இல்லை என்று கண்டுகொண்டதும் அந்தத் தொழிலுக்கே போய்ச் சேர்ந்தார். தெருவில் எல்லாரும் அவரைப் படக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய பெயர் அங்கே யாருக்கும் தெரியாது.

மருந்துக்கடைக்கும் நகல் எடுக்கும் கடைக்கும் நடுவில் அவருடைய ஸ்டூடியோ. உள்ளே ஒரு சாம்பல் நிறத் திரை, குடை விளக்குகள், சுற்றுகிற ஸ்டூல், கண்ணாடிக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்ட சீப்பு, கோட்டு இல்லாதவர்கள் மாட்டிக்கொள்ள ஆணியில் ஒரு கோட்டு. அதை மாட்டாத வேலைதேடி அந்தத் தெருவில் கிடையாது. ஆனால் படக்காரரின் உண்மையான வேலை ஒரு மூலையில் இருக்கிற கம்ப்யூட்டரில்தான். டச்சப் செய்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பரு போகும், கருவளையம் போகும், தொப்பை பாதி போகும். பார்க்கிறவர்களுக்குச் செய்தது தெரியாது, 'அன்றைக்கு நான் நன்றாக இருந்திருக்கிறேன்' என்று நினைத்துக்கொண்டு போவார்கள். ஆளைச் சந்தோஷமாக அனுப்பிவைக்க ஒரு மவுஸ் போதும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அதுதான் அவர் செய்த தப்பு என்று இப்போது சொல்லலாம். அப்போது யார் சொல்வது?

மகள் பிறந்தபோது எல்லாரும் முகத்தைப் பார்த்தார்கள், இவர் தலையைப் பார்த்தார். குழந்தை மல்லாந்து படுத்தால் தட்டையாகிவிடும் என்று இடது பக்கம் திருப்புவார், வலது பக்கம் திருப்புவார், துண்டைச் சுருட்டி அண்டக் கொடுப்பார். கண்ணும் கருத்துமாகப் பார்த்தும் தலை அப்பன் தலையாகவே வளர்ந்தது. குழந்தை டாக்டர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இது படுக்கையால் வந்தது இல்லை, எலும்பின் வாகே இப்படி, அப்பா வழி, புத்திக்கும் வளர்ச்சிக்கும் ஒரு குறையும் வராது, பேசாமல் விளையாட விடுங்கள் என்றார். படக்காரர் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். நான் பட்டது இவள் படக்கூடாது, தன் தலை எப்படி இருக்கிறது என்று இவளுக்கு ஒரு நாளும் தெரியக்கூடாது. வரும் வழியெல்லாம் அவருக்கு வேறு நினைப்பில்லை.

குழந்தைக்கு அப்பாவின் அந்தத் தலை ரொம்பப் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தோள்மேல் உட்கார வைத்துக் கடைத்தெருவுக்குப் போனால், திரும்புவதற்குள் அவர் பின்னந்தலையில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிடுவாள். அவளுக்கென்றே செய்துவைத்த மாதிரி கன்னம் அங்கே பொருந்தும். கொஞ்சம் வளர்ந்த பிறகு, அவர் தரையில் உட்கார்ந்து டிவி பார்த்தால், இவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அந்தத் தட்டையான இடத்தில் உள்ளங்கையை வைத்திருப்பாள். சும்மா, ஒரு காரணமும் இல்லாமல். அவரும் அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

முதல் பிறந்தநாளுக்கு, மகள் குனிந்து மெழுகுவர்த்தியைப் பார்க்கிற படம் ஒன்று பக்கவாட்டில் அமைந்துவிட்டது. அதில்தான் தொடங்கியது. பின்னந்தலைக்கு ஒரு சின்ன வளைவு கொடுத்தார், முடியை அதன்மேல் இழுத்துவிட்டார். மனைவி படத்தைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் துணிக்கடையில் வேலை பார்ப்பவள், கண் கூர்மை.

"நல்லாத்தான் இருக்கு. நம்ம பிள்ளை மாதிரிதான் இல்ல," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, அவரும் நிறுத்தவில்லை. பள்ளிக்கூட விழா, கடற்கரை, சைக்கிள், எந்தப் படத்தில் தலை பக்கவாட்டில் தெரிந்தாலும் அதே வளைவு. கூடத்துச் சுவர் முழுக்க அழகான பின்னந்தலைகளோடு ஒரு பெண் வளர்ந்துகொண்டிருந்தாள். முன்பின் தெரியாதவர்களின் படத்தைக்கூட என்றைக்காவது கேட்டு வருவார்கள் என்று பத்திரப்படுத்தி வைக்கிறவர், மகளுடைய அசல் படங்களை மட்டும் அன்றன்றைக்கே அழித்துவிடுவார். தப்பித்தவறி அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே.

எட்டாம் வகுப்பில் ஒரு நாள் மகள் சண்டை போட்டுவிட்டு வந்தாள். கூடப் படிக்கிற ஒருத்தி, உன் தலை பின்னால் தட்டையாக இருக்கிறது, அதனால்தான் உனக்குக் குதிரைவால் நிற்கவில்லை என்று சொல்லியிருக்கிறாள். இவள் மறுநாள் வீட்டிலிருந்து சைக்கிள் படத்தை எடுத்துக்கொண்டு போய் அவள் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கிறாள். உங்கப்பா கம்ப்யூட்டரில் போட்டிருப்பார் என்று அந்தப் பெண் சொல்ல, இவள் அவளோடு பேச்சையே விட்டுவிட்டாள். நெருங்கிய சிநேகிதி வேறு.

"எங்கப்பா அப்படியெல்லாம் பண்ண மாட்டாருன்னு சொல்லிட்டேன்ப்பா," என்றாள் மகள், சாப்பிட்டுக்கொண்டே.

படக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி தட்டைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

நாற்பதைத் தாண்டியதும் அவருக்கு உச்சியில் முடி கொட்டத் தொடங்கியது. அவ்வளவு நாள் காவல் காத்த முடி. கடைசியில் அறுவை செய்கிற ஒரு டாக்டரம்மாவைத் தேடிப் போனார். போகும்போது கையில் ஒரு படம். ஸ்டூடியோவைப் பூட்டிக்கொண்டு, காமிராவைத் தானாகவே எடுக்கும்படி வைத்து, தன்னைத்தானே பக்கவாட்டில் எடுத்து, உட்கார்ந்து திருத்திய படம். மகளுக்குப் போட்டுப் போட்டுக் கை பழகிய அதே வளைவு. எனக்கு இப்படி வேண்டும் என்று மேஜைமேல் வைத்தார்.

டாக்டரம்மா படத்தை மரியாதையாகக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"வேலை சுத்தமா இருக்கு சார். ஆனா கம்ப்யூட்டர்ல தோல் கிடையாது," என்றார்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். மண்டைத் தோல் என்பது மெத்தைக்கு இறுக்கித் தைத்த உறை மாதிரி, உள்ளே நாம் ஆசைப்படுகிற அளவுக்குத் திணிக்க முடியாது. எலும்பின்மேல் சிமெண்டு போல ஒன்றைப் பூசி மேடாக்கலாம், ஆனால் ஒரு விரல் கனம்கூடத் தேறாது. படத்தில் இருப்பதில் பாதி கிடைத்தால் அதிகம். பின்னால் குறுக்கே ஒரு வெட்டு விழும், அந்தத் தழும்பில் முடி முளைக்காது. இத்தனை நாள் தட்டையை மறைக்க முடி வளர்த்தீர்கள், இனிமேல் தழும்பை மறைக்க வளர்க்க வேண்டியிருக்கும், உங்களுக்கோ முடி கொட்டிக்கொண்டிருக்கிறது. சீழ் கீழ் பிடித்துவிட்டால் வைத்ததை எடுத்துவிட வேண்டும். அப்போது பழைய தலையும் இருக்கும், தழும்பும் இருக்கும். எல்லாம் நன்றாக முடிந்தாலும் பார்க்கிறவர்கள் யாரும் கவனிக்காமலே போகலாம், அதற்கு மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள் என்றார். அந்த இடத்தில் உணர்ச்சி மரத்துப் போகும், பலருக்குத் திரும்பிவிடும், சிலருக்குத் திரும்பாது என்றும் சொன்னார்.

"பின்னந்தலைல உணர்ச்சிய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன் டாக்டர்? தலகாணிக்குத்தான் வருத்தம்," என்றார் படக்காரர்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவசரமில்லை, வீட்டில் கலந்து பேசிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்.

வீட்டில் கலந்து பேசுவது என்றால் என்ன, மனைவியிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தார். வலிக்குமா, ஆபத்தா என்று அவள் கேட்கவில்லை. டாக்டரம்மா கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"பொண்ணுகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

தலையில் ஒரு கட்டி, சாதாரணக் கட்டி, எடுத்துவிடப் போகிறார்கள் என்று சொல்லிவிடலாம் என்றார். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"இத்தனை வருஷமா ஒரு பொய்யைச் சுவர்ல மாட்டி வச்சிருக்கோம். இப்ப இன்னொண்ணா?"

"கடைசி பொய்," என்றார் அவர். அவர் அப்படித்தான் நினைத்தார்.

கட்டி என்ற சொல் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணுக்குள் போய் என்ன செய்யும் என்று அந்த மனிதர் யோசிக்கவே இல்லை. அவள் அவரிடம் ஒன்றும் கேட்காமல், அம்மாவிடம் போய், அப்பா பிழைத்துவிடுவாரா என்று கேட்டிருக்கிறாள். அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தபோது தலை முழுக்கக் கட்டு, முகம் வீங்கிக் கண் பாதி மூடிக் கிடந்தது. மகள் பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டாள். கஞ்சியை ஆற்றி ஸ்பூனில் ஊட்டினாள். கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு, அவர் புரண்டால் எழுந்து உட்காருவாள். கட்டுப் பிரித்ததும் தழும்பைச் சுற்றி வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைத்தவளும் அவள்தான். அப்படித் துடைக்கும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும். அவருக்கு வெட்கமாக இருந்தது. சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வரும், பிறகு முழுங்கிவிடுவார்.

வீக்கம் வடிந்தது. ஒரு கண்ணாடியை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் பிடித்துப் பார்த்தார். பலகை போய்விட்டது. டாக்டரம்மா சொன்ன மாதிரி முழு வளைவு இல்லை, ஆனால் போய்விட்டது. படக்காரர் குளியலறையில் தனியாக நின்று அழுதார், அது சந்தோஷ அழுகை, அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மருந்துக்கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இளைச்சிட்டீங்களா என்று மட்டும் கேட்டார். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. தலை துவட்டும்போது மட்டும் ஒரு மாதிரியாக இருந்தது. கைக்குத் தலை தெரிந்தது, தலைக்குக் கை தெரியவில்லை. வேறு யாருடைய தலையையோ துவட்டிவிடுவது போல இருந்தது.

மறுபடி காட்ட வரச் சொல்லியிருந்த நாளில் மனைவிக்குக் கடையில் விடுப்பு கிடைக்கவில்லை. நான் கூட வருகிறேன் என்று மகள் கிளம்பிவிட்டாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். கட்டி மறுபடி வருமா என்று டாக்டரிடம் நானே கேட்க வேண்டும் என்றாள். சரி, அறைக்கு வெளியே உட்கார வைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டார். அன்றைக்கு வெயில் கொளுத்தியது. மகள் முடியையெல்லாம் வாரி உச்சியில் கொண்டை போட்டிருந்தாள்.

பெயர் கூப்பிட்டதும் அவள் அவருக்கு முன்னால் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

டாக்டரம்மா தழும்பைப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு கம்ப்யூட்டர் திரையை இவர்கள் பக்கம் திருப்பினார். அங்கே, ஆஸ்பத்திரிக்காரர்கள் எடுத்துவைத்த அவருடைய பக்கவாட்டுப் படங்கள் இரண்டு. வாழ்நாள் முழுக்க அவர் தப்பி ஓடிய படம் ஒன்று, அதன் பக்கத்தில் இப்போதைய தலை.

"இது முன்னாடி. இது இப்ப. நம்ம பேசினதைவிட நல்லாவே வந்திருக்கு. தட்டை முக்கால்வாசி சரியாயிடுச்சு," என்றார்.

மகள் கேட்க வந்த கேள்வியைக் கேட்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தாள், ஜன்னல் வெளிச்சம் அவள் கொண்டைக்குக் கீழே நேராக விழுந்தது. டாக்டரம்மா நல்லவர். பாவம், இந்த வீட்டின் கதை அவருக்கு என்ன தெரியும்? மகளை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஆறுதலாகத்தான் சொன்னார்.

"இவங்களுக்கும் பாக்கணும்னு கூட்டிட்டு வந்தீங்களா? இப்ப வேண்டாம் சார். வளர்ந்து முடியட்டும். அப்புறம் அவங்களே முடிவு பண்ணட்டும்."

மகளுடைய கை மெதுவாகத் தன் பின்னந்தலைக்குப் போனது. அங்கே கொஞ்ச நேரம் இருந்தது. படக்காரர் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

பேருந்தில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்தாள். முடியை அவிழ்த்துவிட்டிருந்தாள். வீட்டு நிறுத்தத்தில் இறங்கவில்லை. ஸ்டூடியோ நிறுத்தத்தில் இறங்கி, அவர் பூட்டைத் திறக்கும் வரைக்கும் காத்திருந்து உள்ளே போனாள்.

"என்னோட நிஜப் படமெல்லாம் எங்க?" என்று கேட்டாள்.

அவர் கம்ப்யூட்டரை முடுக்கிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தார், தேடுவது போல. தேட என்ன இருக்கிறது? இல்லை என்று சொன்னார். ஒன்றுகூடவா என்று கேட்டாள். ஒன்றுகூட இல்லை என்றார். அவள் பிறந்ததிலிருந்து எத்தனையோ ஆயிரம் பேரை அந்த மூலையில் பத்திரமாக வைத்திருக்கிறார், அவளைத் தவிர.

"உன்னை யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாதுன்னுதான் கண்ணு," என்றார்.

"ஒருத்தி சொன்னா. அவதான் பொய் சொல்றான்னு நான் சொல்லிட்டேன்."

அந்தச் சிநேகிதியின் ஞாபகம் அவருக்கு அப்போதுதான் வந்தது. மகள் கோபப்பட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். அவள் அழவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"நான் அப்படியே எங்கப்பா மாதிரின்னு எல்லாரும் சொல்வாங்க. எனக்குப் பெருமையா இருக்கும்," என்றாள். "தலையும் உங்க மாதிரின்னு தெரிஞ்சிருந்தா அதுக்கும் பெருமைப்பட்டிருப்பேன். இப்பதான் தெரியுது. இப்ப நான் மட்டும்தான்ப்பா இப்படி."

டாக்டரம்மா எல்லாவற்றையும் சொன்னார். தழும்பு, முடி, சீழ், மரத்துப் போவது, எதையும் ஒளிக்கவில்லை. ஆனால் இரண்டு பேர் சுமக்க வேண்டியதை ஒருத்தி தலையில் இறக்கிவைத்துவிட்டு நீங்கள் விலகிப் போகிறீர்கள் என்று அவர் எப்படிச் சொல்லியிருக்க முடியும்? அது படக்காரருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

மகள் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். தொங்குகிற சீப்பை எடுத்து முடியை மேலே தூக்கி வாரிக் கட்டினாள். திரும்பி, முகத்தைப் பக்கச் சுவருக்குக் காட்டிப் பக்கவாட்டில் அசையாமல் இருந்தாள்.

"எடுங்க. எதையும் மாத்தாதீங்க."

அவர் எடுத்தார். குடை விளக்கு பளிச்சென்று எரிந்து அணைந்தது. படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி உட்கார்ந்து பார்த்தார். அது அவருடைய தலை. பள்ளிக்கூடத்தில் நோட்டை அண்டக்கொடுத்தார்களே, அதே தலை, மகளுடைய நெற்றியோடும் மூக்கோடும். இத்தனை வருஷம் பயந்துகொண்டு இதையா அழித்தோம் என்று இருந்தது. பார்க்கப் பார்க்க அதில் ஒரு குறையும் தெரியவில்லை, அவர் பெற்ற பிள்ளையின் தலை அது. வலது கை பழக்கத்தில் மவுஸுக்குப் போயிருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மகள் தன் பையை எடுத்துக்கொண்டு வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவளும் படத்தைப் பார்த்தாள்.

"இன்னும் வலிக்குதாப்பா?"

"இல்ல கண்ணு."

"நான் தொட்டாத் தெரியுதா?"

"தெரியுது."

சின்ன வயதில் டிவி பார்க்கும்போது உள்ளங்கையை வைத்துக்கொண்டிருப்பாளே, அந்த இடத்தைத்தான் கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. திரும்பாமல், அப்போது உட்கார்ந்திருப்பது போலவே அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"இப்ப என் கை உங்க தலைல இருக்கா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொன்னால் அவள் மனசு உடைந்துவிடும் என்று நினைத்தார்.

"இருக்கு கண்ணு. நல்லாத் தெரியுது."

அவள் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். வரும்போதே இரண்டு கையாலும் பையை நெஞ்சோடு கட்டிப் பிடித்திருந்தாள். அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்கு நடந்தாள்.